ஆள் இருந்தால் சீட் கிடைக்குமா?

மே மாதம் ப்ளஸ் டூ முடிவு வந்ததும் கடலூரிலும் புதுச்சேரியிலும் பெற்றோர் பேச்சு இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடும். பிள்ளை எவ்வளவு மார்க்? காலேஜில் யாராவது தெரிந்தவர் இருக்கிறாரா? இரண்டாவது கேள்வி மார்க் குறைந்த பிள்ளையின் வீட்டில் மட்டும் எழுவதில்லை. கட்-ஆஃப் 190ஐத் தாண்டிய பெண்ணின் அப்பாவும் “எதற்கும் ஒருத்தர்கிட்ட சொல்லி வைப்போம்” என்று மஞ்சக்குப்பத்தில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரைத் தேடிப் போவார். சொல்லி வைத்தாரா, வைத்ததால் என்ன நடந்தது என்பது யாருக்கும் தெரியாது. சீட் கிடைத்துவிட்டால் புகழ் அவருக்கு. கிடைக்காவிட்டால் “இன்னும் பெரிய ஆளாகப் பார்த்திருக்கணும்.”

இந்த நம்பிக்கை முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. ரேங்க் பட்டியல் போட்டு இடம் ஒதுக்கும் கல்லூரிச் சேர்க்கையில் உறவும் சிபாரிசும் இன்று அநேகமாகச் செல்லாக்காசு. ஆனால் அந்தப் பட்டியலில் யார் நிற்கலாம் என்று முடிவாகும் தாலுகா ஆபீஸிலும், பட்டியலுக்கு வெளியே விற்கப்படும் இடங்களிலும், பட்டியல் வந்த பிறகு எந்தக் கல்லூரியை எந்த வரிசையில் கேட்பது என்ற கட்டத்திலும் குடும்பம் மிகப் பலமாக வேலை செய்கிறது. நம் மக்கள் ஆளைத் தேடுவதில் தவறில்லை, தேடும் இடம்தான் பெரும்பாலும் தவறு.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு நீதிமன்றச் சாட்சியே இருக்கிறது. 1970இல் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்காணலுக்கு மட்டும் 75 மதிப்பெண். பாட மதிப்பெண்ணோடு அதையும் கூட்டித்தான் தேர்வு. கல்லூரிகளைப் பல பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனிக் குழு உட்கார்ந்து மாணவரைச் சில நிமிடம் பார்த்துவிட்டு மதிப்பெண் போட்டது. விளையாட்டு, என்.சி.சி., உடல் தகுதி, பொதுத் திறன் என்று தலைப்புகள் இருந்தன. அந்தத் தலைப்புகளுக்குள் எதை வேண்டுமானாலும் நுழைக்கலாம் என்பது பெற்றோருக்கும் தெரிந்திருந்தது. பெரியகருப்பன் என்ற மாணவர் பெயரில் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த நேர்காணல் முறையின் குறைகளை விரிவாகப் பேசியது, பிரிவுவாரியாகத் தேர்வு செய்ததையும் ஏற்கவில்லை. எம்.எல்.ஏ. வீட்டுத் திண்ணையில் பெற்றோர் காத்திருந்ததும், அமைச்சரின் உதவியாளருக்கு வாழைத்தார் போனதும் அந்தக் காலத்துச் சங்கதிகள். நேர்காணல் அறைக்குள் ஒருவரின் மனம் மதிப்பெண்ணாக மாறும்வரை, அந்த மனத்துக்கு வழி தேடுவது அறிவுள்ள செயல்தான்.

பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. 1990களின் இறுதியில் பொறியியலுக்கு ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் வந்தது. மேடையில் திரை, திரையில் காலியிடங்கள், ரேங்க் வரிசைப்படி மாணவர் வந்து தானே தேர்ந்துகொள்வது என்ற ஏற்பாடு அது. 2007இல் நுழைவுத் தேர்வு சட்டத்தின் மூலம் போய்விட்டது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்கு வரும் கட்-ஆஃப் மட்டும் நின்றது. 2018 முதல் கவுன்சலிங்கும் ஆன்லைனுக்குப் போனதால் எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரியும் இல்லாமல் போனார். அரசு கலைக் கல்லூரி விண்ணப்பங்களும் இன்று இணையதளத்தில்தான். கடலூர் பெரியார் கலைக் கல்லூரியில் இடம் வேண்டுமென்றாலும் தரவரிசைப் பட்டியலில் பெயர் எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. கணினிக்குச் சித்தப்பா கிடையாது.

மிச்சம் இருப்பது நிர்வாக ஒதுக்கீடு. தனியார் பொறியியல் கல்லூரிகளில் சிறுபான்மையல்லாத கல்லூரி என்றால் 65 விழுக்காடு இடம் அரசுக் கவுன்சலிங்குக்கு, 35 விழுக்காடு நிர்வாகத்துக்கு. சிறுபான்மைக் கல்லூரி என்றால் பாதிக்குப் பாதி. மேனேஜ்மென்ட் கோட்டா என்று நாம் சொல்லும் அந்தப் பங்கில்தான் “தெரிந்தவர்” உயிரோடு இருக்கிறார். அங்கே அவர் வேலை என்ன? பெரிய கல்லூரியில் கணினி அறிவியல் மாதிரி எல்லோரும் கேட்கும் பிரிவு என்றால், அவர் சொல்லால் விண்ணப்பம் மேசையில் மேலே வரலாம், கேட்கும் தொகை கொஞ்சம் இறங்கலாம். தமிழ்நாட்டில் கட்டாய நன்கொடைக்குத் தடைச் சட்டம் 1992லிருந்தே இருக்கிறது. ஆனால் அந்தத் தொகைக்கு ரசீது கேட்டு யாரும் வழக்குப் போடுவதில்லை, ஏனென்றால் பிள்ளை அதே கல்லூரியில் நான்கு வருடம் படிக்க வேண்டும்.

கேட்பாரில்லாத கல்லூரிகளில் இந்தக் கதை தலைகீழ். மாநிலத்தில் ஆண்டுதோறும் பல்லாயிரம் பொறியியல் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. அதனால் பல தனியார் கல்லூரிகள் தங்கள் ஆசிரியர்களுக்கே இத்தனை மாணவரைக் கொண்டுவர வேண்டும் என்று கணக்கு வைக்கின்றன. அந்த உதவிப் பேராசிரியர் முதலில் எங்கே போவார்? சொந்த ஊருக்கு, சொந்தக்காரர் வீட்டுக்கு. பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்தில் மே மாதம் பளபளப்பான கையேட்டோடு வரும் மருமகன் முறைக்காரர், “மாமா, நம்ம காலேஜ்தான், நான் பார்த்துக்கிறேன்” என்று சொன்னால், அங்கே சீட் தேவைப்படுவது மாமாவுக்கு அல்ல, மருமகனுக்கு. அவர் சம்பளமே அதில் தொங்கிக்கொண்டிருக்கலாம். நம் ஊரில் உறவால் சீட் கிடைத்தது என்று பெருமையாகச் சொல்லப்படுவதில் கணிசமான பகுதி, யார் கேட்டிருந்தாலும் கிடைத்திருக்கும் சீட்.

சபை, சங்கம், மடம் நடத்தும் கல்லூரிகள் வேறு கணக்கு. நிர்வாகப் பங்கில் தங்கள் சமூகத்தவருக்கு முன்னுரிமை கொடுப்பதை அவை மறைப்பதில்லை. கல்லூரி தொடங்கியதே அதற்காக என்பார்கள். கிறிஸ்தவ நிறுவனங்களில் பங்குத் தந்தையின் கடிதம், திருச்சபை உறுப்பினர் சான்று போன்றவை கேட்கப்படுவது நாமறிந்தது. வேலூர் சி.எம்.சி.யில் திருச்சபைகள் மாணவரை முன்மொழிவதும், படித்து முடித்தவர் அந்தச் சபையின் மருத்துவமனையில் சில ஆண்டு பணிசெய்வதும் நீண்ட கால ஏற்பாடு. இதையும் உறவு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பதிலுக்கு ஒரு கடமை கேட்கும் உறவு என்பதால், டொனேஷன் பேரத்தோடு இதை ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கடலூர் மாவட்டத்தில் இந்தப் பேச்சு எடுத்தால் சிதம்பரத்தைத் தாண்டிப் போக முடியாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கொடுத்த கொடையில் எழுந்தது. அதை உருவாக்கிய சட்டத்திலேயே நிறுவனர் குடும்பத்துக்கு இணைவேந்தர் பொறுப்பு பரம்பரையாக எழுதி வைக்கப்பட்டிருந்தது. மாநிலக் கவுன்சலிங் தமிழ்நாடு முழுக்க நடந்துகொண்டிருந்தபோதும் சிதம்பரம் தன் சேர்க்கையைத் தானே நடத்தியது. நிதி நெருக்கடிக்குப் பிறகு 2013இல் அரசு தனிச் சட்டம் கொண்டுவந்து பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டது. அதன் மருத்துவ இடங்கள் மாநிலக் கவுன்சலிங்குக்குள் வந்தன. கட்டணம் மட்டும் ஆண்டுக்கு ஐந்து லட்ச ரூபாய்க்கு மேல் நீடித்தது. ரேங்கில் இடம் வாங்கியும் பணத்தில் தோற்கும் நிலை அது. மாணவர்கள் 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலும் விடாமல் போராடிய பின் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறியது, இன்று அது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி, கட்டணமும் அரசுக் கட்டணம். பரம்பரை உரிமையும் பெருங்கட்டணமும் ஒரே வளாகத்தில் எட்டு வருட இடைவெளியில் விழுந்தன. இரண்டில் எது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரிய கதவாக இருந்தது என்று கேட்டால், கட்டணம்தான் என்பேன்.

இதுவரை சொன்னது சட்டம் கண்ணைமூடிக்கொள்ளும் உறவு. சட்டமே உறவைக் கேட்கும் இடங்களும் உண்டு, அவற்றைப் பலர் கவனிப்பதில்லை.

முதல் பட்டதாரி சலுகையை எடுத்துக்கொள்வோம். 2010இல் தமிழ்நாட்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தில், வீட்டில் யாரும் பட்டம் வாங்காத மாணவர் ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் வழியாகத் தொழிற்கல்வியில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் பெரும்பகுதியை அரசு ஏற்கிறது. தனியார் பொறியியல் கல்லூரியில் அது ஆண்டுக்கு 25,000 ரூபாய் அளவு. விண்ணப்பத்தில் தாத்தா பாட்டியிலிருந்து அண்ணன் அக்கா வரை ஒவ்வொருவரும் எதுவரை படித்தார் என்று எழுத வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாலுகா ஆபீஸ் என்று காகிதம் நகரும். ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான். அக்கா வாங்கிவிட்டால் தம்பிக்கு இல்லை. குடும்பத்தில் படித்தவர் இல்லாததே தகுதியாகும் விசித்திரம் இது. இங்கே ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும்: இந்தச் சான்றிதழ் ரேங்கை உயர்த்தாது, சீட் தராது. கிடைத்த சீட்டின் செலவைக் குறைக்கும், அவ்வளவுதான்.

சீட்டே தருவது 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020இல் மருத்துவத்திலும், 2021இல் பொறியியல், வேளாண்மை உள்ளிட்ட படிப்புகளிலும் வந்தது. பொறியியலில் இந்த வழியாகச் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணம், விடுதிச் செலவு இரண்டையும் அரசு கட்டுகிறது. புதுச்சேரியில் அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவத்தில் 10 விழுக்காடு 2023இல் வந்தது. இதில் உறவு எங்கே என்று கேட்கலாம். ஆறாம் வகுப்பில் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று முடிவெடுப்பது பெற்றோர். “இங்கிலீஷ் மீடியம் தனியாரில் போடு” என்று வற்புறுத்திய படித்த உறவினர் ஒருவரின் பேச்சைக் கேட்டதால் ஏழு வருடம் கழித்து இந்த வாசலுக்கு வெளியே நிற்கும் குடும்பங்கள் குறிஞ்சிப்பாடியிலும் இருக்கின்றன, பாகூரிலும் இருக்கின்றன.

அடுத்தது என்.ஆர்.ஐ. ஒதுக்கீடு. உறவுமுறையை இவ்வளவு நுணுக்கமாக அலசும் வேறு சேர்க்கை விதி இந்தியாவில் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். 2005இல் இனாம்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தனியார் தொழிற்கல்வி நிறுவனங்களில் 15 விழுக்காடு வரை வெளிநாட்டு இந்தியர்களுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றது. உண்மையான வெளிநாட்டு இந்தியரின் பிள்ளைகளுக்கே அது போக வேண்டும் என்றும் சொன்னது. பிள்ளை என்ற வட்டம் பிறகு விரிந்தது. அப்பாவின் உடன்பிறந்தார், அம்மாவின் உடன்பிறந்தார், தாத்தா, பாட்டி என்று போயிற்று. மாணவரைப் பராமரித்து வருபவர் தாமே என்று அவர்கள் உறுதிமொழி கொடுத்தால் போதும் என்றானது. கடலூரிலும் காரைக்காலிலும் சிங்கப்பூர், துபாய், பாரிஸ் என்று ஒரு சித்தப்பாவாவது இல்லாத வீடு குறைவு. திருவிழாவுக்கு வந்து போகும் சித்தப்பா திடீரென்று காகிதத்தில் காப்பாளர் ஆனார்.

இதற்கு 2024 செப்டம்பரில் ஒரு தடை விழுந்தது. பஞ்சாப் அரசு தூரத்து உறவினரையும் என்.ஆர்.ஐ. வட்டத்துக்குள் கொண்டுவந்ததைப் பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, இது மோசடி, காசு பார்க்கும் வழி என்ற பொருளில் கடுமையாகப் பேசி மேல்முறையீட்டைத் தள்ளியது. அடுத்த இரண்டு மாதத்தில் புதுச்சேரியே செய்தியில் வந்தது. மருத்துவக் கல்லூரிகளின் என்.ஆர்.ஐ. இடங்களுக்குப் போலித் தூதரகச் சான்றிதழ் கொடுத்தது தெரியவந்து, சேர்க்கைகள் ரத்தாகி, போலீஸ் வழக்கும் கைதும் வந்தன. உறவு இல்லாதவர்கள் உறவை விலைக்கு வாங்கிய கதை அது. ஒரு நல்ல வேடிக்கை: சிபாரிசுக்கு ஆள் தேடிய காலத்தில் உறவு இலவசம், உறவையே ஆவணமாகக் கேட்டபோது அதற்குச் சந்தை வந்தது.

புதுச்சேரியின் தனிச்சிக்கல் எல்லைக்கோடு. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கும், நடுவில் முள்ளோடை எல்லை. பாகூர்ப் பக்கம் போனால் ஒரு வயல் தமிழ்நாடு, அடுத்த வயல் யூனியன் பிரதேசம். பெண் கொடுத்ததும் எடுத்ததும் இரண்டு பக்கமும்தான். கல்லூரிச் சேர்க்கைக்கு மட்டும் இந்தக் கோடு மலைபோல எழுந்து நிற்கிறது. புதுச்சேரியில் அரசு ஒதுக்கீட்டு இடங்களை நிரப்பும் சென்டாக் அமைப்பு, புதுச்சேரிக்காரர் என்பதற்கு வசிப்பிடச் சான்றிதழ் கேட்கும். தொடர்ந்து ஐந்து ஆண்டு வசித்ததைக் காட்ட வேண்டும். ஜிப்மரிலும் புதுச்சேரி மாணவருக்கென்று தனி எம்.பி.பி.எஸ். இடங்கள் உண்டு, குறைந்த ரேங்கிலும் அவை கிடைக்கும் என்பதால் அந்தச் சான்றிதழின் மதிப்பு இந்த ஊரில் தனி.

தமிழ்நாட்டுப் பக்கம் பொறியியலுக்கு எட்டாம் வகுப்பிலிருந்தும், மருத்துவத்துக்கு ஆறாம் வகுப்பிலிருந்தும் தமிழ்நாட்டில் படித்திருந்தால் இருப்பிடச் சான்று பெரிய தொல்லை தராது. ரெட்டிச்சாவடியில் வீடு, பிள்ளை பஸ் ஏறிப் போய்ப் படித்தது புதுச்சேரிப் பள்ளியில் என்றால் கதை மாறுகிறது. பெற்றோரின் பிறப்பு, அவர்கள் படித்த பள்ளி, குடும்ப அட்டை என்று எல்லாம் வெளியே வர வேண்டும். அம்மா எந்த ஊரில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினார் என்பது மகனின் கவுன்சலிங்கைத் தீர்மானிக்கும்.

இங்கேதான் உறவினர் வீட்டு முகவரி விளையாடுகிறது. இந்தப் பக்கம் பெரியப்பா வீட்டு ரேஷன் கார்டு, அந்தப் பக்கம் சொந்த வீட்டு ஆதார் என்று இரண்டு இடத்திலும் விண்ணப்பிப்பவர்கள் மேல் புதுச்சேரிப் பெற்றோர் அமைப்புகள் ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் புகார் எழுப்புகின்றன. வேறு மாநிலத்தில் இருப்பிட உரிமை கோரவில்லை என்று உறுதிமொழி வாங்குவது அதனால்தான். இதைச் செய்பவர்கள் எல்லோரும் மோசடிக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. கோட்டின் இரண்டு பக்கமும் உண்மையிலேயே வாழ்கிற குடும்பங்கள் இருக்கின்றன, விதிகளுக்கு அப்படிப்பட்ட குடும்பத்தைத் தெரியாது. ஆனால் இரண்டு பக்கமும் வீடு வைத்திருப்பது யார் என்று பார்த்தால் பெரும்பாலும் கொஞ்சம் வசதியானவர்கள்தான். குடிசையில் இருப்பவருக்கு ஒரே முகவரி, சிலசமயம் அதுவும் இல்லை. சுதந்திரப் போராட்ட வீரர்களின் வாரிசுகளுக்கும் சென்டாக்கில் ஒரு பங்கு இருக்கிறது, அதற்கும் தாத்தாவின் காகிதம் பத்திரமாக இருந்திருக்க வேண்டும்.

தாத்தா என்றதும் இந்த ஊருக்கே உரிய ஒன்று வருகிறது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவிடம் வந்தது. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சு ஆட்சிப் பகுதி மக்களுக்கு விரும்பினால் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் கிடைத்தது. சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா குடும்பங்கள் அதில் நிறைய. அந்தக் குடியுரிமை பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்குகிறது. அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி கொடுக்கவில்லை என்றால், இன்று அவர்கள் பேரன்கள் இரண்டு வேறு உலகத்தில் விண்ணப்பம் போடுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். பிரான்ஸ் 2019 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்தியது. இளங்கலைக்கு அந்த ஆண்டில் 2,770 யூரோ, முதுகலைக்கு 3,770. பிரெஞ்சுக் குடிமகனுக்கு இளங்கலை அப்போது சுமார் 170 யூரோ. பல பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டவருக்கும் விலக்கு தருகின்றன என்பது உண்மைதான். ஆனாலும் எழுதி வைத்த விலையில் பதினாறு மடங்கு வித்தியாசம், அதற்குக் காரணம் 1962இல் ஒரு தாத்தா போட்ட கையெழுத்து. 1826இலிருந்து நடக்கும் புதுச்சேரி பிரெஞ்சு லீசே பள்ளியில் படிக்கும் பிரெஞ்சுக் குடிமக்களின் பிள்ளைகளுக்கு, வருமானத்தைப் பார்த்துப் பிரெஞ்சு அரசின் உதவித்தொகையும் உண்டு. பிரெஞ்சு பாஸ்போர்ட் மாப்பிள்ளைக்குப் புதுச்சேரியில் இருக்கும் மவுசைக் கிண்டல் செய்பவர்கள் இந்தக் கல்விக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதே கையெழுத்து இந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிறது. பிரெஞ்சுக் குடிமகனான பேரன் லாஸ்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்து தமிழ் தவிர வீட்டில் வேறு பேசாதவனாக இருந்தாலும், அவன் கையில் இருப்பது இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான ஓ.சி.ஐ. அட்டை. 2021 மார்ச் 4 அன்று வந்த மத்திய அரசு அறிவிப்பு, ஓ.சி.ஐ. அட்டைதாரர்கள் நீட் போன்ற தேர்வுகளில் என்.ஆர்.ஐ. இடங்களுக்கு மட்டுமே போட்டியிடலாம் என்றது. இந்தியருக்கென்ற இடங்கள் அவர்களுக்கு இல்லை. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்புக்கு முன்பே அட்டை வாங்கியவர்களைக் காப்பாற்றியது. பின்னால் வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்து குடும்பத் தொடர்பு கல்லூரி வாய்ப்பை இரு திசையிலும் இவ்வளவு நேரடியாக மாற்றும் ஊர் தமிழ் நிலத்தில் வேறில்லை.

அமெரிக்கா போகும் கனவுள்ள வீடுகளில் இன்னொரு கேள்வி வரும்: “அங்கே மாமா படித்த காலேஜ், நம்ம பொண்ணுக்கு உதவுமா?” அங்கே இதற்கு லெகசி என்று பெயர், வெளிப்படையாகவே நடக்கிறது. 1920களில் யூத மாணவர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த நினைத்த கிழக்குக் கடற்கரைப் பல்கலைக்கழகங்கள் பழைய மாணவரின் பிள்ளைக்கு முன்னுரிமை தரத் தொடங்கின. ஹார்வர்டு மேல் நடந்த வழக்கில் வெளிவந்த புள்ளிவிவரப்படி, பழைய மாணவரின் பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இடம் கிடைத்தது. மொத்த விண்ணப்பதாரரில் நூற்றுக்கு ஆறு பேர்தான். 2023இல் ராஜ் செட்டி உள்ளிட்ட பொருளியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு, ஒரே தேர்வு மதிப்பெண் வாங்கியவர்களில் நடுத்தர வீட்டுப் பிள்ளையைவிட மிகப் பணக்கார ஒரு விழுக்காட்டு வீட்டுப் பிள்ளை முன்னணிப் பல்கலைக்கழகத்தில் சேர இரண்டு மடங்குக்கும் மேல் வாய்ப்பு இருப்பதைக் காட்டியது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 2014இல் லெகசியை விட்டது. எம்.ஐ.டி. அதைப் பார்ப்பதில்லை. கலிஃபோர்னியா 2024இல் சட்டம் போட்டுத் தனியார் பல்கலைக்கழகங்களிலும் தடுத்தது.

கடலூர் மாமாவுக்கு வருவோம். லெகசி முக்கியமாகப் பெற்றோரைப் பார்க்கும், சில இடங்களில் தாத்தா பாட்டியை. தாய்மாமன் அந்தக் கணக்கில் இல்லை. நம் வீட்டில் தாய்மாமனுக்கு இருக்கும் இடம் பாஸ்டனில் யாருக்கும் தெரியாது. அதுவும் பெரும்பாலும் இளங்கலைச் சேர்க்கை விவகாரம். இங்கிருந்து எம்.எஸ். படிக்கப் போகிறவருக்கு லெகசியைவிட ஆசிரியர் எழுதும் பரிந்துரைக் கடிதமும் ஆய்வு அனுபவமும்தான் எடை. அந்த மாமா வேறு விதத்தில் உதவலாம்: கட்டுரையைப் படித்துத் திருத்துவது, வங்கி இருப்பு காட்டுவது, முதல் மாதம் தங்க இடம் கொடுப்பது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குடும்ப உதவி நம் ஊரில் கணக்கிலேயே வராதது. மருத்துவத்துக்கு நீட் வந்த பிறகு முதல் முயற்சியில் இடம் கிடைப்பது அரிதாகிவிட்டது. தமிழ்நாடு அரசு 2021இல் அமைத்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழு, மறுமுறை எழுதிச் சேர்ந்தவர்கள் 2016-17இல் சுமார் 12 விழுக்காடாக இருந்து 2020-21இல் 71 விழுக்காடு ஆனதைப் பதிவு செய்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் பங்கு குறைந்ததையும் சொன்னது. ஒரு வருடம் வேலைக்கும் போகாமல் கல்லூரிக்கும் போகாமல் ஒரு பிள்ளையைக் கோச்சிங்கில் உட்கார வைக்கும் வசதிதான் இன்றைய சிபாரிசுக் கடிதம். அதில் கையெழுத்துப் போடுவது அப்பாவின் சம்பளம்.

பொறியியலில் அந்த இடத்தைத் தகவல் பிடித்துக்கொள்கிறது. ஒரே 175 கட்-ஆஃப் வாங்கிய இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவரின் அக்கா இரண்டு வருடம் முன்பு இதே கவுன்சலிங்கில் போனவர். எந்தக் கல்லூரியில் போன வருடம் எந்தப் பிரிவு எதில் முடிந்தது என்று பார்த்து நூற்றுக்கும் மேல் சாய்ஸ் போட்டுக் கொடுப்பார். இன்னொருவர் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து பெயர் கேள்விப்பட்ட பத்துக் கல்லூரியைப் போட்டுவிட்டு வருவார். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஏற்றுக்கொண்டு சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேலே உள்ள சாய்ஸுக்குக் காத்திருப்பதா, மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவதா என்று சில நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். மேலே காத்திருக்கச் சம்மதித்து அது கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகவே போய்விடும் என்பது பலருக்குத் தெரியாது. பதிலே சொல்லாமல் விட்டவர்கள் கையிலிருந்த சீட்டையும் இழக்கிறார்கள். ரேங்க் ஒன்றுதான், அக்கா இருக்கிறாரா இல்லையா என்பதில் முடிவு மாறுகிறது. அரசு அமைத்திருக்கும் உதவி மையங்களில் இதைக் கேட்டால் சொல்கிறார்கள், ஆனால் என்ன கேட்பது என்று தெரிவதற்கே வீட்டில் ஒருவர் தேவைப்படுகிறது.

ஆள் தேட வேண்டுமென்றால் தேட வேண்டியது அந்த அக்காவை. தெருவில் இருப்பார், சர்ச்சில் இருப்பார், அப்பா வேலை பார்க்கும் கடை முதலாளியின் மகளாக இருப்பார். பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை, போன வருடமோ அதற்கு முந்தைய வருடமோ கவுன்சலிங்கில் போனவராக இருந்தால் போதும். பெரிய ஆளைத் தேடிப் போகிற குடும்பம் பெரும்பாலும் ப்ரோக்கரிடம் முடிகிறது. அவர் மே மாதமே முன்பணம் வாங்கி நிர்வாக இடத்தை உறுதிசெய்துவிடுவார். நிர்வாக இடத்துக்கு முதல் பட்டதாரிச் சலுகை கிடையாது, 7.5 விழுக்காட்டின் இலவசக் கட்டணமும் கிடையாது. கவுன்சலிங் முடிந்த பிறகு, அதே கல்லூரியின் அதே பிரிவில் அரசு ஒதுக்கீட்டு இடம் காலியாகவே கிடப்பதும் உண்டு.